குரொய்டனில் 589 வாக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022 மே 5ஆம் திகதி லண்டன் உள்ளூராட்சித் தேர்தல் முடிந்த கையோடு வந்த உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். எந்தக் கட்சியில் எந்தத் தமிழர் நின்றார், யார் வென்றார், யாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், எல்லாம் படத்தோடு இருந்தது. எங்கடை ஆக்கள் வென்றால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் இருபத்தைந்து வருடமாக தோர்ன்டன் ஹீத்தில் இருப்பவன். தெற்கு லண்டனில் எங்கள் குரொய்டனில் என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தால் நாலு வரி. மேயர் பதவி கொன்சர்வேட்டிவ் கட்சிக்கு, சபையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. முடிந்தது செய்தி. அந்த நாலு வரியை வைத்து எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது, அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் முழுவதும் அன்று காற்று லேபர் கட்சியின் பக்கம்தான் வீசியது. வெஸ்ட்மின்ஸ்டர் சபை 1964இல் உருவான நாளில் இருந்து கொன்சர்வேட்டிவ் கையில் இருந்தது, அது போய்விட்டது. 1978இல் இருந்து அவர்கள் விடாமல் வைத்திருந்த வொண்ட்ஸ்வேர்த்தும் போனது, பார்னட்டும் போனது. கொரோனாவுக்காக எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்துவைத்த காலத்தில் பிரதமர் அலுவலகத்தில் நடந்த விருந்துகளைப் பற்றிய கோபம் எல்லா இடமும் இருந்தது. அப்படிப்பட்ட நாளில் ஹரோவும் குரொய்டனும் ஏன் எதிர்த்திசையில் போயின என்று ஒரு பத்திரிகை கேட்கவேண்டாமா? ஹரோவைப் பற்றி அங்கே இருப்பவர்கள் எழுதட்டும். நான் என் ஊரைச் சொல்கிறேன்.

கதை 2020இல் தொடங்குகிறது, உண்மையில் அதற்கும் முன்னாலேயே. 2020 நவம்பர் 11ஆம் திகதி, லேபர் கையில் இருந்த குரொய்டன் கவுன்சில் 114ஆம் பிரிவு அறிவித்தலைக் கொடுத்தது. பேச்சு வழக்கில் சொன்னால் கை விரித்துவிட்டது. சட்டப்படி செய்தே ஆகவேண்டிய வேலைகளைத் தவிர புதிதாக ஒரு சதமும் செலவழிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். அதற்குச் சில வாரங்களுக்கு முன் கணக்காய்வாளர்கள் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். சபையில் எல்லாருமாகச் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பது அதன் சாரம். கடன் ஏறத்தாழ 1.5 பில்லியன் பவுண்.

அந்தப் பணம் எங்கே போனது? சபை தானே ‘பிரிக் பை பிரிக்’ என்று ஒரு வீடு கட்டும் கொம்பனி தொடங்கியது. அதற்குக் கொடுத்த கடன் மட்டும் சுமார் 200 மில்லியன் பவுண். வீடு கட்டி விற்று இலாபம் எடுத்து அந்த இலாபத்தில் நூலகமும் முதியோர் பராமரிப்பும் நடத்தலாம் என்பது திட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஃபெயர்ஃபீல்ட் ஹோல் என்ற அரங்கைத் திருத்தும் வேலையையும் அதே கொம்பனியிடம் கொடுத்தார்கள், 30 மில்லியன் என்று தொடங்கியது இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. இன்னொன்று குரொய்டன் பார்க் ஹோட்டல். 2018இல் கிட்டத்தட்ட 30 மில்லியனுக்கு அதை வாங்கினார்கள், வாடகை வருமானம் வரும் என்று. கொரோனா வந்தது, ஹோட்டலை நடத்தியவர்கள் 2020இல் மூடிவிட்டார்கள். வாடகை எங்கே வரும்? ஊரில் எங்கள் ஐயா சொல்வார், சீட்டுக் கட்டப் போன வீட்டில் விருந்து சாப்பிடாதே என்று. இவர்கள் சீட்டுக் காசிலேயே விருந்து வைத்துவிட்டார்கள்.

நியாயத்துக்கு ஒன்று சொல்லவேண்டும். 2014 வரை எட்டு வருடம் சபையை நடத்தியது கொன்சர்வேட்டிவ் கட்சி. நகர நடுவில் 2013இல் திறந்த அந்தப் பெரிய கவுன்சில் கட்டடம் அவர்கள் காலத்து வேலை, கடன் அங்கேதான் தொடங்கியது என்று லேபர்காரர் இன்றைக்கும் சொல்கிறார்கள். மத்திய அரசு உள்ளூர்ச் சபைகளுக்குக் கொடுக்கும் பணத்தைப் பத்து வருடமாக வெட்டிக்கொண்டு வந்ததும் உண்மை. ஆனால் ஹோட்டல் வாங்கச் சொல்லி யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லையே.

கடைசியில் அரசு 120 மில்லியன் கடன் எடுக்க விட்டுத்தான் சபை மூச்சு விட்டது. 2021 மார்ச்சில் சவுத் நோர்வூட்டில் ரெஜினா றோட் அடுக்குமாடியை ஐரிவி தொலைக்காட்சிச் செய்தியில் காட்டினார்கள். சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், மேலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, கீழே பிள்ளைகளோடு குடும்பம். கவுன்சிலின் சொந்த வீடுகள் அவை. கணக்குப் புத்தகத்தில் இருந்த ஓட்டை எதுவென்று அன்றுதான் பலருக்குக் கண்ணால் தெரிந்தது.

அந்த வருடம் ஒக்டோபரில் ஒரு பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள், கவுன்சிலர்கள் தங்களுக்குள் தலைவரைத் தேர்வதா, மக்கள் நேராக மேயரைத் தேர்வதா என்று. போட்டவர்களில் 80 சதவீதம் பேர் மேயர் வேண்டும் என்றார்கள். ஆனால் ஐந்தில் ஒருவர்தான் போடப் போனார். எங்கள் வீட்டில் நான் மட்டும் போனேன், மற்ற மூன்று பேருக்கும் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

சரி, இந்த மே மாதம். மேயருக்கு எட்டுப் பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டில் இரண்டு பத்தி, ஒன்று முதல் விருப்பம், மற்றது இரண்டாவது விருப்பம். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை, எனவே முதல் இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்ற ஆறு பேருக்குப் போட்டவர்களின் இரண்டாவது விருப்பத்தைப் பார்த்தார்கள். கொன்சர்வேட்டிவ் கட்சியின் ஜேசன் பெரிக்கு 38,612, லேபரின் வல் ஷோகுரொஸ்ஸுக்கு 38,023. வித்தியாசம் 589. முதல் சுற்றில் பெரி இரண்டாயிரத்துக்கும் மேல் முன்னால் நின்றார், இரண்டாவது விருப்பத்தில் ஷோகுரொஸ் துரத்திக்கொண்டு வந்து வந்து கடைசியில் எட்டவில்லை.

இப்போது என் வீட்டுக் கதை. வோட்டுப் போட்டுவிட்டு வரும் வழியில் என் மனைவி சொல்கிறா, நான் இரண்டு பத்தியிலும் ஒரே ஆளுக்கே போட்டுவிட்டேன், அப்போதுதானே அவருக்கு இரண்டு வோட்டுக் கிடைக்கும் என்று! அப்படிப் போட்டால் முதலாவது மட்டும்தான் கணக்கு, இரண்டாவது வீண். அவ போட்ட ஆள் முதல் சுற்றிலேயே வெளியே போனவர், ஆகவே கடைசி இரண்டு பேரில் யார் என்ற கேள்வியில் அவவுக்கு ஒரு சொல்லும் இல்லாமல் போய்விட்டது. அவ இந்த நாட்டில் படித்து வேலை பார்க்கிறவ. இந்த விளக்கத்தைத் தேர்தலுக்கு முந்தின வாரம் தமிழில் நாலு வரி நீங்கள் போட்டிருந்தால் எத்தனை பேருக்கு உதவியிருக்கும்? ஒரு தேர்த் திருவிழாவில் மோர்ப் பந்தலடியில் நிற்கிற சனம் 589ஐ விடக் கூட.

இன்னொரு வேடிக்கை, இந்த இரண்டாவது விருப்ப முறையையே எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 28ஆம் திகதி, தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, புதுச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டப்படி அடுத்த மேயர் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடிதான், கூட எடுத்தவர் வென்றார். வாக்குச்சாவடிக்குப் படத்தோடு அடையாள அட்டையும் கொண்டுபோகவேண்டி வரும். எங்கள் வயதான ஆக்கள் பலரின் கடவுச்சீட்டு காலாவதியாகி அலுமாரிக்குள் கிடக்கிறது, அதையும் யாராவது இப்போதிருந்தே எழுதத் தொடங்கினால் நல்லது.

சபை முடிவுக்கு வருகிறேன், இங்கேதான் உங்கள் நாலு வரிச் செய்தி ஆளைக் குழப்பும். மொத்தம் 70 இடம். லேபர் 34, கொன்சர்வேட்டிவ் 33, பசுமைக் கட்சி 2, லிபரல் டெமொக்ராட் 1. போன முறை 41 வைத்திருந்த லேபர் 34க்கு இறங்கியது. வடக்கே தோர்ன்டன் ஹீத், நோர்பரி, புரோட் கிரீன் எல்லாம் வழக்கம்போல லேபர், தெற்கே பேர்லி, கூல்ஸ்டன், சாண்டர்ஸ்ரெட் பக்கம் வழக்கம்போல கொன்சர்வேட்டிவ். பசுமைக் கட்சி இரண்டு பேரை நகர நடுவில் ஃபெயர்ஃபீல்ட் வட்டாரத்தில் எடுத்தது, அந்த அரங்கு நிற்கிற அதே ஃபெயர்ஃபீல்ட். அது தற்செயலோ என்னவோ, எனக்குச் சிரிப்பு வந்தது.

கூட்டிப் பாருங்கள். மேயரின் கட்சிக்கு 33, மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்தால் 37. கூட இருக்கிற 37 பேர் ஆளவேண்டும் என்றுதான் நாங்கள் நினைப்போம், ஊர்ப் பாராளுமன்றக் கணக்கு அப்படி. ஆனால் மேயர் முறையில் நிர்வாகக் குழுவை மேயரே நியமிப்பார். அவர் கொண்டுவரும் வரவுசெலவுத் திட்டத்தைச் சபை மாற்றி எழுதவேண்டும் என்றால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 37 பேரை வைத்துக்கொண்டு முணுமுணுக்கலாம், கூட்டத்தை இழுத்தடிக்கலாம், தாங்களாக ஒரு கணக்கு எழுத முடியாது. ஆக, நூலகம் எத்தனை நாள் திறக்கும், 2020இல் மூடிய பேர்லி நீச்சல் குளம் திரும்பத் திறக்குமா, கவுன்சில் வரி எவ்வளவு ஏறும் என்பதில் முதல் சொல் ஒரே ஒருவரிடம். அவரை அங்கே இருத்தியது 589. கடன் மட்டும் யார் வந்தாலும் அதே கடன்தான், அது கட்சி பார்க்காது.

லண்டன் றோட்டில் ஒரு கடையில் நின்று இதைக் கதைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரத் தம்பி சொன்னார், “அண்ணை, ஆர் வந்தாலும் குப்பை ஒரே நாளிலைதானே எடுப்பினம்.” எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதே தம்பி இலங்கையில் மே 9ஆம் திகதி மகிந்த பதவி விலகியதைப் பற்றி அரை மணித்தியாலம் மூச்சு விடாமல் கதைத்தார், யார் அடுத்த பிரதமர், எந்தக் கட்சி எந்தப் பக்கம் என்று எல்லாம் விரல் நுனியில். அதில் பிழை சொல்ல நான் யார், நானும் அந்த வாரம் முழுக்க ஊர்ச் செய்திதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவரின் கடைக்கு முன்னால் வாகனம் நிறுத்துவதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது கொழும்பு இல்லையே.

அங்கே சாமான் அடுக்கிக்கொண்டு நின்ற மதுரைப் பிள்ளை ஒருவர், இங்கே மேற்படிப்புக்கு வந்தவர், மெல்லக் கேட்டார், “அங்கிள், எனக்கெல்லாம் ஓட்டு இல்லையே?” இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் பொதுநலவாய நாடுகள், அந்தக் கடவுச்சீட்டோடு இங்கே முறையான விசாவில் இருக்கும் 18 வயதானவர் பதிவு செய்தால் வாக்களிக்கலாம். பிரித்தானியக் குடியுரிமை தேவையில்லை, மாணவர் விசாவே போதும். பிரான்ஸ், ஜேர்மனியில் இருந்து அந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு வந்த எங்கள் ஆக்களுக்கும் இந்த உள்ளூர்த் தேர்தலில் வாக்கு இருந்தது. சுவிஸ், நோர்வே கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் இல்லை. அந்தப் பிள்ளை ஒரு வருடத்துக்கும் மேலாக இங்கே இருக்கிறார், வாக்காளர் பதிவுக்காக வீட்டுக்கு வந்த கடிதத்தை விளம்பரம் என்று நினைத்து எறிந்துவிட்டாராம்.

மொத்தத்தில் சுமார் மூன்றில் ஒருவர்தான் வாக்களித்தார்கள், ஆகவே இது எங்கள் ஆக்களின் குறை மட்டும் இல்லை. ஆனால் ஆங்கிலப் பத்திரிகை வாசிக்கிறவருக்கு விளக்கம் கிடைக்க ஒரு இடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் மாமி உங்கள் பத்திரிகையைத்தான் வாசிப்பா. அவவுக்கு மேயர் என்றால் கழுத்தில் சங்கிலி போட்டுக்கொண்டு கோயில் திருவிழாவுக்கு வந்து தேங்காய் உடைக்கிறவர். அப்படிப்பட்ட அலங்கார மேயர் வேறு, பணப்பெட்டி திறப்பு வைத்திருக்கும் இந்த மேயர் வேறு என்று நான் மூன்று முறை சொல்லிவிட்டேன், நாலாவது முறையும் “அப்ப சங்கிலி இல்லையோ” என்றுதான் கேட்டா.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த வரவுசெலவுக் கூட்டம் வருகிற வருடம் தொடக்கத்தில் காதரின் ஸ்ரீட்டில் இருக்கும் நகர மண்டபத்தில் நடக்கும். பொதுமக்கள் மேலே இருந்து பார்க்கலாம், காசு இல்லை. ஒரு செய்தியாளரை அனுப்புங்கள். ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், அந்த இரவு எனக்கு வேலை இல்லை, நானே போய் எழுதித் தருகிறேன். படம் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், என் கைபேசியில் நல்லாக வராது.

இப்படிக்கு,
தோர்ன்டன் ஹீத் வாசகன்