கோர்களின் எண்ணிக்கையும் இயங்குதளத்தின் பங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் புதிய கணினிச் செயலிகளை (பிராசஸர்) பற்றி வெளிவரும் குறிப்புகளில், அவற்றுக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளான கோர்கள் இரு மடங்கானால் கணினியின் வேகமும் இரு மடங்காகிவிடும் என்ற தொனி தொடர்ந்து தென்படுகிறது. அந்தக் கோர்களுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் இயங்குதளத்தைப் பற்றி ஒரு வரிகூட இடம்பெறுவதில்லை.

இயங்குதளத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு, லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் வரலாறே போதுமான சான்று. 1996இல் வெளிவந்த 2.0 பதிப்பு பல செயலிகளை (இயங்குதளத்தின் கணக்கில் ஒவ்வொரு கோரும் ஒரு செயலியே) ஆதரித்தது உண்மைதான். ஆனால் அதன் மையப்பகுதியான கெர்னல் முழுவதையும் ஒரே ஒரு பெரிய பூட்டு காத்துவந்தது. நிரல்கள் தம்போக்கில் கணக்கிட்டுக் கொண்டிருக்கும் வரை சிக்கல் எழாது. கோப்புக்காகவோ வலைப்பின்னலுக்காகவோ அவை கெர்னலை நாடும்போது, ஒரு செயலி உள்ளே இருக்கும் வரை மற்றவை வெளியே காத்திருக்க நேர்ந்தது. அந்தப் பூட்டின் பொறுப்புகளைச் சிறுசிறு பூட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒன்றின் பூட்டை மற்றொன்று எதிர்பார்த்து இரண்டுமே நின்றுவிடும் முடக்கநிலை நேராதபடி சரிபார்த்து, அதை அடியோடு அகற்றியது 2011இல் வந்த 2.6.39 பதிப்பில்தான். பதினைந்து ஆண்டு உழைப்பு அது. எந்த விளம்பரத்திலும் அதற்கு இடமில்லை.

வேலைகளை வரிசைப்படுத்துவதும் எளிதன்று. எல்லாச் செயலிகளும் ஒரே வரிசையிலிருந்து வேலை எடுத்தால் அந்த வரிசையே நெரிசலாகிவிடும் என்பதால், 2003 இறுதியில் வந்த 2.6 பதிப்பு ஒவ்வொரு செயலிக்கும் தனி வரிசை கொடுத்தது. அப்போது ஒன்று சும்மா இருக்க மற்றொன்று திணறும் நிலை உருவாகலாம். அதைச் சமன்செய்ய ஒரு வேலையை இடம் மாற்றினாலோ, பழைய கோரின் கேஷில் (கோருக்கு அருகிலேயே உள்ள சிறிய, வேகமான சேமிப்பிடத்தில்) அது சேர்த்து வைத்திருந்த தரவு பயனற்றுப் போய், நினைவகத்திலிருந்து மீண்டும் எடுத்துவர வேண்டியிருக்கும். எப்போது மாற்றுவது, எப்போது விட்டுவைப்பது என்பதற்கு எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் விடை இன்றுவரை இல்லை என்றே கருதுகிறேன்.

இயங்குதளம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் சுட்டிக்காட்டிய வரம்பு ஒன்று உண்டு. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே நடந்தாக வேண்டுமென்றால், 16 கோர்கள் இருந்தும் வேகம் ஏறத்தாழ 6.4 மடங்குதான் கூடும். ஆயிரம் கோர்களைச் சேர்த்தாலும் 10 மடங்கை எட்டாது.

எனவே, இனி செயலிகளை ஒப்பிட்டு எழுதும்போது, ஒரே வேலையை ஒரு கோரிலும் எல்லாக் கோர்களிலும் இயக்கிப் பார்த்த நேரங்களை அருகருகே வெளியிடுவதோடு, எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பில் அவை அளக்கப்பட்டன என்பதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்