துரு பிடிக்காது என்று விற்ற டூல் போர்டு பற்றிய முறைப்பாடு

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். கொட்டகலையில் இருந்து எழுதுகிறேன். உங்கள் பேஸ்புக் பக்கத்தில் பார்த்து ஓடர் பண்ணிய டூல் போர்டு செட் பற்றியது இது. சுவரில் மாட்டும், ஓட்டை போட்ட இரண்டு இரும்புப் பலகை, ஆயுதங்களைத் தொங்கவிட அந்த ஓட்டைகளில் ஏற்றும் கொக்கிகள், கீழே வைக்கும் லாச்சி அலுமாரி, எல்லாம் சேர்த்து 48,500 ரூபா, டிலிவரி காசு வேறு. பில்லையும் படங்களையும் இதோடு இணைத்திருக்கிறேன். போனில் பலமுறை சொல்லியாயிற்று, ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுத்து முதலில் இருந்து கேட்கிறார், அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் எட்டடிக்குப் பத்தடி அறை ஒன்றில்தான் என் வேலை. மரக்கறித் தோட்டக்காரர்களின் மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர், தண்ணீர் மோட்டர், புல் வெட்டும் மெஷின், அக்கம்பக்கத்துத் தையல் மெஷின், இதெல்லாம் திருத்துவேன். அந்த அறையில் ஒரு மோட்டரைக் கழற்றிப் போட்டால் கால் வைக்க இடம் இருக்காது. ஸ்பனரும் குறடும் அரமும் சாக்குக்குள் கிடந்தால் ஒன்றை எடுக்க எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். நிலத்தில் வைத்தால் ஈரம். சுவரில் தொங்கினால்தான் கை நீட்டியதும் கிடைக்கும், எது இல்லை என்றும் ஒரு பார்வையில் தெரியும். அதற்காகச் சேர்த்து வைத்த காசில் வாங்கிய சாமான் இது.

உங்கள் விளம்பரத்தில் இருப்பது: "கல்வனைஸ் தகடு, பவுடர் கோட்டிங், துரு பிடிக்காது, 1.2 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு பலகை 40 கிலோ தாங்கும், ஒரு வருட வாரண்டி, நாடு முழுவதும் டிலிவரி." அந்த விளம்பரத்தின் படத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

வெசாக் முடிந்த கையோடு சாமான் வந்தது. ஆடி முடிவதற்குள் துரு. வெளியே இருந்து பார்த்தால் பலகை இன்னும் கறுப்பாகப் பளபளவென்றுதான் இருக்கிறது, கிட்டப் போய் டோர்ச் அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் செம்மண் நிறத்தில் ஒரு வளையம், அதில் இருந்து கீழே மெல்லிய கோடு ஒழுகி இருக்கிறது. மடித்த ஓரத்தின் உட்பக்கம் பெயின்டே படவில்லை, விரலை விட்டால் தூள் ஒட்டிக்கொண்டு வருகிறது. கூர்மையான விளிம்பில் பவுடர் கோட்டிங் எப்போதும் மெல்லிசாகத்தான் நிற்கும், அது இந்த வேலை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அடியில் நாகப்பூச்சு (சிங்க் பூச்சு, கல்வனைஸ் என்பது இதைத்தான்) வேண்டும் என்கிறோம். விளிம்பு வெளியே தெரிந்தாலும் நாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். இந்தப் பலகையின் பின்பக்கம் ஒரு மூலையில் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். பெயின்டுக்கு அடுத்து நேரே வெறும் இரும்பு. கல்வனைஸ் என்று எழுதியது பொய்.

தடிப்பும் அப்படித்தான். தடிப்பு அளக்கும் வேர்னியரில் பிடித்தால் பெயின்டையும் சேர்த்தே 0.8 மில்லிமீற்றர். 40 கிலோ கிடக்கட்டும், கிரைண்டரும் பைப் ரென்ச்சும் கொஞ்சம் ஸ்பனர்களும் மாட்டியதும் பலகை நடுவில் முன்னுக்கு வளைந்துவிட்டது, கொக்கிகள் தலை குனிந்து நிற்கின்றன.

மேலதிகக் கொக்கிப் பைக்கற் ஒன்றும் வாங்கினேன், அதே பக்கத்தில் "இந்த செட்டுக்கு உரியது" என்று போட்டிருந்ததால். பலகையில் இருப்பது சதுர ஓட்டை, 38 மில்லிமீற்றர் இடைவெளி. பைக்கற்றில் வந்தவை 25 மில்லிமீற்றர் இடைவெளியில் வட்ட ஓட்டை இருக்கும் பலகைக்குச் செய்தவை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறாது. இரண்டும் வேறு வேறு அளவு முறை என்று விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அலுமாரி லாச்சிக்குள் ஸ்பொஞ்ச் ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. உளியும், இரும்பு ஓட்டைக்குள் திருகாணிக்கு நூல் (மரை) வெட்டும் டாப் செட்டும் அதில்தான் கிடந்தன, ஸ்பொஞ்சில் பட்ட பக்கம் மட்டும் புள்ளி புள்ளியாகத் துரு. இத்தனை வருடம் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தபோது அந்த டாப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நூல் வெட்டும் டாப்பின் பல்லில் துரு விழுந்தால் அதைத் தீட்டி எடுக்க முடியாது. எனக்கு மிகவும் வலித்தது இதுதான்.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன். போனில் பேசிய தங்கச்சி மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் மேலிடத்தில் கேட்டுச் சொன்ன பதில்: "உங்கள் பகுதியில் ஈரம் அதிகம், அதனால் வாரண்டி செல்லாது." இது என்ன நியாயம்? மலையகத்தில் மழை பெய்யும் என்பது நேற்றுத் தெரிந்த விசயமா? வைகாசி பிறந்தால் தென்மேல் பருவமழை, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இலங்கையிலேயே அதிக மழை விழும் இடங்கள், இங்கே கொட்டகலையில் பகலெல்லாம் மிஸ்ட் இறங்கி நிற்கும், இரவில் தகரக் கூரையின் உட்பக்கம் வேர்த்துச் சொட்டும். துரு பிடிக்காத சாமானை நாங்கள் தேடுவதே இதற்காகத்தான். ஈரமில்லாத இடத்தில் மட்டும் துரு பிடிக்காது என்றால் அதைச் சொல்லி விற்றிருக்க வேண்டும். எங்கள் முகவரியை எழுதிக்கொண்டு, எங்கள் ஊருக்கு லொறியில் ஏற்றி அனுப்பி, காசை வாங்கிய பிறகு எங்கள் ஊரையே குற்றம் சொல்லக் கூடாது.

இரண்டாவது சாட்டு, நான் மரச்சட்டம் அடித்து அதன்மேல் பலகையைப் பூட்டினேனாம், அது "மாற்றம் செய்தது" ஆகுமாம். பலகையைச் சுவரோடு ஒட்டிப் பூட்டினால் கொக்கியின் பின் நாக்கு உள்ளே போவதற்கு இடமே இல்லை, நீங்களே பூட்டிப் பாருங்கள். இடைவெளி விடும் கட்டைகள் செட்டில் வரவில்லை. வந்த சின்னப் பிளாஸ்டிக் பிளக் உள்ளே பொந்தாக இருக்கும் புளொக் கல் சுவரில் பிடிக்கவும் மாட்டாது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் பலகை என்றைக்கோ யாராவது தலையில் விழுந்திருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்த அறைக்குள் வந்து போகிறவர்கள். சரி, சட்டம் அடிக்கக் கூடாது என்றால் எங்கே எழுதியிருக்கிறது? உள்ளே இருந்த தாள் சீனத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது, தமிழும் இல்லை சிங்களமும் இல்லை. மகள் இருந்து வாசித்துச் சொன்னாள், மரச்சட்டம் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

எனக்கு வேண்டியது இவைதான். செட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுக் காசையும், டிலிவரிக்கும் கொக்கிப் பைக்கற்றுக்கும் கொடுத்ததையும் சேர்த்துத் தர வேண்டும். ஏற்றிப் போகும் செலவு உங்களுடையது. இல்லையென்றால் விளம்பரத்தில் சொன்ன அதே கல்வனைஸ் தகட்டில், அதே தடிப்பில் புதியது அனுப்புங்கள், அதைச் சுரண்டிப் பார்த்த பிறகே பழையதைக் கையளிப்பேன். எது நடந்தாலும் டாப் செட்டுக்கு நட்டஈடு வேண்டும், அதன் பில்லும் என்னிடம் இருக்கிறது. அப்புறம், அந்த விளம்பரம் இன்றைக்கும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் திருத்துங்கள், தலவாக்கலையில் என் நண்பர் ஒருவர் இதே செட்டை வாங்க இருந்தார், நான்தான் நிறுத்தி வைத்தேன்.

பதினான்கு நாளுக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். அவர்களின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்டு வைத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும், அந்தக் காலம் இன்னும் முடியவில்லை, ஆகவே இழுத்தடிக்க வேண்டாம். பதிலைப் போனில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள், தமிழில்.

இப்படிக்கு,
பில்லில் பெயருள்ள வாடிக்கையாளர்,
கொட்டகலை.