பால் சங்கத்தில் பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊராட்சிப் பொதுமக்கள் மற்றும் பால் சங்க உறுப்பினர்கள்,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் பால் சங்கத்திலேயே ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை வழங்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதிலிருந்து எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. முன்பு மாதாமாதம் பஸ் ஏறிப்போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்பார்கள். அந்த அலைச்சல் தீர்ந்ததற்கு அரசுக்கு மனமார்ந்த நன்றி.

ஆனால் உழைக்கும் வயதில் இருக்கிற ஆண்கள் இந்தத் திட்டத்தின் கைக்குள் வரவில்லை. தன்னார்வலர் அக்கா வீடு வீடாக வருவது பகலில். அந்நேரம் ஆண்கள் கழனியிலோ கட்டட வேலையிலோ இருப்பார்கள். உடம்பில் வலி எதுவும் தெரியாததால் தங்களுக்குப் பிரஷர் இருக்கும் என்று நினைப்பதும் இல்லை. பிறகு ஒருநாள் கை கால் விழுந்து 108 வண்டியில் ஏற்றும்போதுதான் விஷயம் தெரியவருகிறது. ஐம்பது வயதுகூட ஆகாத ஒருவர் படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தில் மாடும் போகிறது, பிள்ளையின் படிப்பும் நிற்கிறது. இதை எங்கள் தெருவிலேயே பார்த்துவிட்டோம்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் அல்ல. பிரஷர், சுகர் போன்ற தொற்றா நோய்களைப் பற்றி 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் அவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. காலையில் பால் ஊற்ற ஊரில் பாதிப் பேர் சங்கத்துக்கு வருகிறார்கள். வாரம் ஒருநாள் அந்த நேரத்தில் தன்னார்வலரோ கிராம சுகாதார செவிலியரோ அங்கு வந்து பிரஷர் பார்க்க வேண்டும். சங்கக் கட்டடத்தில் ஓர் அறையும் பெஞ்சும் தர உறுப்பினர்கள் சம்மதித்துவிட்டார்கள். கேனைத் தூக்கி வந்த மூச்சோடு பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பார்க்க இடம் வேண்டும் என்பதால்தான் பெஞ்சைச் சொல்கிறோம். கருவியை அவ்வப்போது சரிபார்த்து, தடித்த கைக்கேற்ற பெரிய பட்டையும் சேர்த்துத் தர வேண்டும். 140/90க்கு மேல் வந்தால் அன்றைக்கே நோயாளி என்று எழுதிவிடாமல், வேறொரு நாளும் பார்த்து உறுதி செய்து மருத்துவரிடம் அனுப்பட்டும். அதிகாலை வேலை தன்னார்வலருக்குக் கூடுதல் சுமை. அதற்குத் தனிப்படி கொடுக்காமல் அவரைச் செய்யச் சொல்வது நியாயம் இல்லை.

அடுத்தது மாத்திரை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புகிறார்கள். கையில் இருக்கும் ஒரு மாத மாத்திரை தீர்ந்ததும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்களை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்கிறது. எனவே அப்படிப்பட்டவர்களுக்கு, மருத்துவர் ஒப்புதலுடன், மூன்று மாத மாத்திரையை மொத்தமாகத் தர உத்தரவிட வேண்டும். அளவு இறங்கியதும் குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் ஏராளம். இதை வீட்டுப் பெண்களிடம் மகளிர் குழுக் கூட்டத்தில் செவிலியரே வந்து பேசினால் எடுபடும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் சேரும் உப்பைப் பற்றியும் அங்கேயே சொல்லலாம்.

உள்ளூர் ஊழியர்களால் இது முடியுமா என்ற கேள்வி வரலாம். வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை கிராமங்களில் 2,645 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப் போய்ப் பார்த்து, ஆலோசனை சொல்லி, தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பிய ஊர்களில், மற்ற ஊர்களைவிடப் பிரஷரின் மேல் அளவு (140/90 என்பதில் 140 என்கிற முதல் எண்) சராசரியாக 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. அந்த ஊர்களும் நம் ஊர் மாதிரியான ஊர்கள்தான்.

முதலில் ஆறு மாதத்துக்கு எங்கள் சங்கத்தில் மட்டும் நடத்திப் பார்க்க, சுகாதாரத் துறைக்கும் பால்வளத் துறைக்கும் தாங்கள் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: பால் சங்கத் தீர்மான நகல், கையொப்பப் பட்டியல்.