ஆய்வேட்டுக்கு இரு துறைகளிலிருந்தும் வழிகாட்டிகள் வேண்டும்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். கட்டுப்பாட்டுப் பொறியியலும் வணிக மேலாண்மையும் இணைந்த முதுநிலைப் படிப்பில், இந்தப் பருவம் திருப்பி அனுப்பப்பட்ட ஆய்வேட்டு முன்மொழிவுகளைத் தாங்கள் அறிவீர்கள். அவற்றில் ஒன்று என்னுடையது.

கிடங்கில் கையிருப்பு குறைகிறது. மேலாளர் ஆர்டர் கொடுக்கிறார். சரக்கு வந்துசேரச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பதறிப்போய் மறுபடியும் ஆர்டர் கொடுக்கிறார். பிறகு எல்லாம் ஒன்றாக வந்து குவிகிறது. ஆய்வகத்தில் நீர்த்தொட்டியின் மட்டத்தைக் கட்டுப்படுத்தும்போதும் இதையே பார்க்கிறோம்: காலத்தாமதத்தைக் கணக்கில் கொள்ளாமல் வால்வை அளவுமீறித் திறந்தால் மட்டம் ஏறி இறங்கி அலைகிறது. இரண்டுக்கும் நோய் ஒன்றே. அதைத்தான் ஆராய விரும்பினேன்.

பொறியியல் துறை, "இது மேலாண்மை, அங்கே கேளுங்கள்" என்றது. மேலாண்மைத் துறை இரண்டாம் பக்கத்தில், கட்டுப்பாட்டுப் பொறியியலின் கணித முறையான லாப்லாஸ் உருமாற்றத்தைக் கண்டதும், "இதை மதிப்பிட எங்களிடம் ஆள் இல்லை" என்றது. ஆறு வாரங்கள் இப்படி அலைந்தேன். கடைசியில் கிடங்கையும் செலவுக் கணக்கையும் வெட்டியெறிந்துவிட்டு, தொட்டியை மட்டும் வைத்துப் பதிவு செய்தேன். அன்றே கையெழுத்து கிடைத்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

நான் கேட்பது புதுமையல்ல. உற்பத்திக் கட்டுப்பாட்டைச் சர்வோ கோட்பாட்டின் (தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் கருவிகளைப் பற்றிய கோட்பாடு) வழியே ஆராய்ந்து, அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1952-இலேயே கட்டுரை எழுதிவிட்டார். சர்வோ பொறியாளரான ஜே ஃபாரஸ்டர் 1956-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளிக்கு மாறி, ஆலைகளின் உற்பத்தி ஏற்ற இறக்கங்களைப் பின்னூட்டத்தால், அதாவது விளைவு திரும்பிவந்து அடுத்த முடிவை மாற்றுவதால், விளக்கினார். அவர்கள் எப்போதோ கடந்த சுவருக்கு முன்னால் எங்களை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். பட்டச் சான்றிதழில் இரு துறைகளின் பெயரும் ஒரே வரியில் அச்சாகின்றன. ஆய்வேட்டின் முகப்பில் இரு வழிகாட்டிகள் கையெழுத்திட மட்டும் ஏன் இடமில்லை?

ஆய்வக நேரமும் நிதி மேலாண்மை வகுப்பும் ஒரே மணியில் வைக்கப்பட்டதால், சோதனையைப் பாதியில் விட்டு ஓடியவர்கள் எங்களில் பலர். வருகைப்பதிவில் குறைந்ததற்கு விளக்கக் கடிதமும் நாங்களே எழுதினோம். கால அட்டவணை போடுபவர்கள் ஒருமுறையாவது பேசிக்கொண்டார்களா?

மன்னிக்கவும், அதைத் தனியே எழுதுகிறேன். இப்போது கேட்பது ஒன்றுதான். ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் இரு துறைகளிலிருந்தும் ஒவ்வொரு வழிகாட்டியை நியமியுங்கள். இருவரும் சேர்ந்து மதிப்பிடட்டும். அடுத்த அணியினரின் பதிவு தொடங்கும் முன் இதை முடிவு செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என் வெட்டிய அத்தியாயங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. குழு பார்க்க விரும்பினால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் முதுநிலை மாணவர்களில் ஒருவர்