கிரீன்களில் இப்போதைக்குக் கால் வைக்க வேண்டாம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். கீழ்ச்சரிவில் பனி உருகிவிட்டது, வெயிலும் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் கோல்ஃப் மைதானத்தைத் திறக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

பகலில் உருகும் நீரைப் புல்லின் அடித்தண்டு உறிஞ்சிக்கொள்கிறது. இரவில் அது உறைந்து திசுவையே சிதைத்துவிடும். நடுக்குளிரைத் தாங்கிய புல், விழித்துக்கொள்ளும் இந்த நேரத்தில்தான் சாகிறது. போவா அன்னுவா புல்தான் முதலில் போகும். பென்ட்கிராஸ் என்ற புல் அதைவிட உறுதியானது. அதனால் இந்த வாரம் முழுக்க, கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளில், தேங்கும் நீரை வடியவிடுவதுதான் எங்கள் வேலை. நிழலில் கிடக்கும் பனிக்கட்டி மேல் கறுப்பு மணல் தூவியிருக்கிறோம். வெயிலை இழுத்துச் சீக்கிரம் உருகும்.

பனி விலகிய இடங்களில் வட்ட வட்டமாக வெளிறிய திட்டுகள் தெரியும். அது பனிப்பூஞ்சை, பனிக்கு அடியில் புல்லைத் தாக்கும் பூஞ்சை நோய். சாம்பல் நிற வகை பெரும்பாலும் இலையோடு நின்றுவிடும். லேசாக வாரிவிட்டால் புல் மீண்டு வரும்.

மண்ணின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகே மண்ணுக்குக் காற்றோட்டம் தரும் துளையிடுதலும் உரமும். அப்புறம், காலையில் உறைபனி படிந்த புல்லில் தயவுசெய்து நடக்காதீர்கள். காலடி பட்ட இடத்தில் இலைச் செல்கள் நொறுங்கி, பழுப்புத் தடம் நாள்கணக்கில் நிற்கும். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் வண்டிப்பாதையிலேயே போங்கள்.