பணம் எதை வாங்கித் தருகிறது: ரகுவுக்கு ஒரு கடிதம்

25 நவம்பர் 2025

அன்புள்ள ரகு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

மற்ற பக்கங்கள் முழுக்க பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தின் ஆற்றாமைதான். நவம்பர் 1 அன்று உன் டொராண்டோ, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் 11 இன்னிங்ஸ் ஆடி 4-5 என்று தோற்றது உனக்கு இன்னும் செரிக்கவில்லை. "காசு இருக்கிறவன் ஜெயித்தான், வேறென்ன" என்று எழுதியிருக்கிறாய். பாதிதான் சரி. ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸை மீட்ட ஹோம் ரன்னை அடித்தவர் மிகேல் ரோஹாஸ். 2023 ஜனவரியில் மயாமிக்கு ஓர் இளம் வீரரைக் கொடுத்து வாங்கிய மாற்று ஆட்டக்காரர் அவர். கடைசி எட்டு அவுட்டை எடுத்த பிட்சர் (பந்து வீசுபவர்) யமமோட்டோவுக்கு 12 ஆண்டுக்கு 32.5 கோடி டாலர். முந்தின நாள்தான் 96 பந்து வீசியிருந்தார். மலிவான அந்தக் கையும் விலை உயர்ந்த இந்தக் கையும் ஒரே நிர்வாகம் தேர்ந்தெடுத்தவை.

அந்த நிர்வாகத்தின் தலைவர் ஆண்ட்ரூ ஃப்ரீட்மன், 2014 அக்டோபர் வரை டாம்பா பே ரேஸை நடத்தியவர். அதனால்தான் ஏழை அணியையும் பணக்கார அணியையும் ஒப்பிட இந்த இரண்டைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் பார்வை ஒன்றுதான்.

டாம்பாவை முதலில் பார். ஐபிஎல் போல எல்லா அணிக்கும் ஒரே அளவு பணம் என்ற விதி பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் இல்லை. ஆனால் வீரரின் சேவைக் கணக்கு எல்லோருக்கும் பொது. 172 நாள் மேஜர் லீக்கில் இருந்தால் ஓர் ஆண்டு. முதல் மூன்று ஆண்டு ஏறக்குறையக் குறைந்தபட்சச் சம்பளம்தான் (2025இல் 7,60,000 டாலர்). அடுத்த மூன்று ஆண்டு ஆர்பிட்ரேஷன், அதாவது பேசி முடியாவிட்டால் நடுவர் சம்பளத்தைத் தீர்மானிக்கும் முறை. சம்பளம் படிப்படியாக ஏறும். ஆறு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம். டாம்பாவின் மொத்த வித்தையும் இந்த ஆறு ஆண்டுக்குள் அடங்கும். இரண்டு மூன்று ஆண்டு மீதமிருக்கும்போதே ஆளை விற்றுவிடுவார்கள், ஏனென்றால் வாங்குகிறவர் அந்த மீதிக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார். 2018 ஜூலையில் பிட்சர் கிறிஸ் ஆர்ச்சரை பிட்ஸ்பர்குக்குக் கொடுத்து கிளாஸ்னோ, மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் எடுத்தார்கள். 2023 டிசம்பரில் அதே கிளாஸ்னோவை டாட்ஜர்ஸுக்கு அனுப்பியபோது ரயன் பெப்பியோ வந்தார். ஆர்ச்சர் என்ற ஒரே கொடியில் இன்றும் காய் பறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது ஆப்ஷன். அணியின் 40 பேர் பட்டியலில் இருக்கும் இளைஞரை மூன்று பருவங்களுக்குக் கீழ்மட்ட மைனர் லீக்குக்கு இறக்கி ஏற்றலாம். 2022 முதல் ஒரு பருவத்தில் ஐந்து தடவைதான். ஆப்ஷன் மீதமுள்ள ரிலீவர்கள் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்கும் பிட்சர்கள்) ஏழெட்டுப் பேர் இருந்தால், களைத்த கையை டர்ஹமில் இருக்கும் தன் மைனர் லீக் அணிக்கு அனுப்பிவிட்டுப் புதிய கையைக் கொண்டுவரலாம். டாம்பா அந்த வசதியைச் சொட்டு விடாமல் பிழிகிறது.

இந்த முறைக்குக் கோளாறுகளும் உண்டு. 2020 டிசம்பரில் பிட்சர் ஸ்னெல்லை சான் டியேகோவுக்கு விற்று நாலு இளைஞர்களை வாங்கினார்கள். நாலு பேரில் ஒருவர்கூட அணியைத் தாங்கவில்லை. இன்னொன்று இட நெருக்கடி. திறமை பெருகினால் 40 இடம் போதாது. நவம்பரில் பட்டியலில் சேர்க்காத ஆளை டிசம்பர் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி ஒரு லட்சம் டாலருக்குக் கொண்டுபோய்விடலாம். அதற்கு முன்னால் அவசரமாகத் தள்ளிவிட வேண்டும். 2019 நவம்பரில் அப்படித்தான் கிறிஸ்டோபர் சான்செஸை பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து கர்டிஸ் மீடை எடுத்தார்கள். சான்செஸ் 2025இல் சிறந்த பிட்சருக்கான நேஷனல் லீக் சை யங் விருதில் இரண்டாம் இடம். மீட் இப்போது டாம்பாவிலேயே இல்லை.

இனி டாட்ஜர்ஸ். மேக்ஸ் மன்சியை மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தது, கிறிஸ் டெய்லரை சியாட்டிலிடமிருந்து சல்லிசாக வாங்கியது எல்லாம் அசல் டாம்பா வேலை. பணம் எங்கே வேலை செய்கிறது என்பதை கிளாஸ்னோவை வைத்துப் பார். 2021 ஜூனில் டாம்பாவில் அவர் முழங்கை போயிற்று. அணி 100 ஆட்டம் ஜெயித்தும் முதல் சுற்றிலேயே பாஸ்டனிடம் விழுந்தது. 2024இல் டாட்ஜர்ஸில் அதே முழங்கைத் தொல்லையால் அக்டோபர் முழுதும் ஆடவில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களான ஸ்டார்ட்டர்கள் மூவர்தான் மிஞ்சினார்கள். சான் டியேகோவுக்கு எதிரான நாலாவது ஆட்டத்தை எட்டுப் பிட்சர்களை மாற்றி மாற்றி இறக்கி 8-0 என்று முடித்தார்கள், கோப்பையும் வந்தது. கெட்டிக்காரக் கண்ணைப் பணம் வாங்கித் தராது, ரகு. கணக்கு தப்பினாலும் பருவம் தப்பாமல் இருக்கும் ஆழத்தை வாங்கித் தரும்.

அந்த ஆழத்துக்கு விலை கொஞ்சமல்ல. அணியின் மொத்தச் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால், மிஞ்சிய தொகைக்கு லீக் வரி போடும். 2025இல் அந்த எல்லை 24.1 கோடி டாலர். தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகத் தாண்டினால் 50 சதவீதம், எல்லைக்கு மேல் 6 கோடியைக் கடந்தால் இன்னும் 60. அந்த உயரத்தில் ஒரு கோடி டாலர் ஆளை எடுத்தால் வரி மட்டும் 1.1 கோடி. டாட்ஜர்ஸின் நட்சத்திரம் ஓட்டானியின் 70 கோடியில் 68 கோடியை 2034 முதல்தான் தருவார்கள். அதனால் வரிக் கணக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4.6 கோடி.

காசை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 நியூயார்க் மெட்ஸ் போதும். வரியே 10 கோடிக்கு மேல், வெற்றி 75. பிட்சர்கள் வெர்லாண்டரும் ஷெர்சரும் ஆண்டுக்கு 4.33 கோடி வீதம் வாங்கினார்கள். மேலே கொட்டிய பணத்துக்கு ஈடாகக் கீழே ஆளில்லை. ஆகஸ்ட் தொடங்கியதும் இருவரும் அணியில் இல்லை.

தோற்றுத் தோற்று, புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதலிடம் பிடிக்கும் மூன்றாவது வழி எனக்குப் பிடிக்காதது. ஹூஸ்டன் 2011 முதல் ஆண்டுக்கு 106, 107, 111 ஆட்டம் என்று தோற்றது. அதில் ஒரு நுட்பம் உண்டு என்பதை மறுக்கமாட்டேன்: 2012இல் முதல் தேர்வான கொரேயாவுக்கு ஒதுக்கிய 72 லட்சம் டாலரில் 48 லட்சம்தான் கொடுத்தார்கள், மிச்சத்தின் தயவில் 41ஆவதாக வந்த மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சம் கொடுக்க முடிந்தது. அங்கிருந்து போன நிர்வாகி மைக் இலையஸ் பால்டிமோரில் அதையே செய்தார். அடிபடும் ஆபத்து பிட்சருக்கு அதிகம் என்று டிராஃப்டின் உச்சியில் பேட்டர்களையே குவித்தார். 2023இல் 101 வெற்றி. பிட்சிங்கைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்புதான் கவிழ்த்தது. பிராடிஷுக்கு முழங்கை அறுவை, பர்ன்ஸ் ஓராண்டோடு அரிசோனாவுக்குப் போனார், 2025இல் 41 வயது மார்ட்டனை நம்பினார்கள். 75 வெற்றி. இப்போது முதல் ஆறு இடத்துக்கும் குலுக்கல் வந்துவிட்டதால் இந்த வழி முன்போலப் பலன் தராது.

உன் அணிக்கு வருகிறேன். ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிட்ட பிஷெட்டை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். டொராண்டோ வரி எல்லையைத் தாண்டிய அணி. அவர் வேறெங்காவது போனால் ஈடாகக் கிடைப்பது டிராஃப்டில் நாலாவது சுற்றுக்குப் பிறகான ஒரு தேர்வுதான். கெரேரோவுக்கு 14 ஆண்டுக்கு 50 கோடி கொடுத்த நிர்வாகம் இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் ரிலீவர்களில் எத்தனை பேருக்கு ஆப்ஷன் மீதி இருக்கிறது என்று பார்த்து எழுது. அடுத்த ஆகஸ்டில் கைகள் களைக்கும்போது அந்த எண்தான் பேசும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சிவா