எடைச் சீட்டு உங்கள் கையில்தான் இருக்கிறது: கரும்பாலை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கரும்பாலை நிர்வாகிகளுக்கும் கரும்பு அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நாலு ஏக்கரில் கரும்பு போடுகிறவன். ஒரு டிராக்டரும் நாலு சக்கர டிரெய்லரும் சொந்தமாக வைத்திருக்கிறேன். அரவைப் பருவத்தில் என் கரும்போடு ஊர்க்காரர்கள் கரும்பையும் ஆலைக்கு ஓட்டுவது என் வேலை. அடுத்த பருவத்துக்கு வண்டிகளைப் பதிவு செய்ய எங்களைக் கூப்பிடப் போகிறீர்கள். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று பருவத்துக்கு முன்பு, தை மாதம், இரவு பத்து மணி இருக்கும். ஏரிக்கரையிலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கும் சரிவு. டீசல் மிச்சம் ஆகும் என்று நியூட்ரலில் விட்டேன். எல்லோரும் செய்வதுதான். பாதிச் சரிவில் டிரெய்லர் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலத் தள்ளியது. பிரேக்கை மிதித்தேன். டிராக்டருக்கு வலது சக்கரத்துக்கு ஒன்று, இடது சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் பெடல் உண்டு. உழும்போது வளைத்துத் திருப்ப வசதியாக அவற்றைப் பிரித்து வைப்போம். ரோட்டில் ஏறும்போது கொண்டி போட்டுச் சேர்த்துவிட வேண்டும். அன்று பகலில் உழுதுவிட்டு வந்தவன் கொண்டியைப் போடவில்லை. ஒரு பக்கம் மட்டும் பிடித்தது. டிராக்டர் குறுக்கே திரும்ப, டிரெய்லர் மடங்கி வந்து பின் டயரில் மோதியது. கரை ஓரத்து மண்மேடு தடுத்திருக்காவிட்டால் ஏரிக்குள் போயிருப்போம். மட்கார்டில் உட்கார்ந்திருந்த என் அக்கா மகனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அவனுக்கு அப்போது 16 வயது.

மறுநாள் காலையில் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கியில் செருகியிருந்த பின்னுக்கு லாக் இல்லை. லாக் இருக்க வேண்டிய ஓட்டையில் இரண்டு சுற்றுக் கட்டுக்கம்பி. அதை முறுக்கியது யார் என்று எனக்கு ஞாபகம் இல்லை, நானாகத்தான் இருக்கும். 11 டன்னுக்கு மேல் கரும்பை அந்தக் கம்பியை நம்பித்தான் அத்தனை நாள் இழுத்திருக்கிறேன்.

தப்பு என்னுடையது. அதை யார் தலையிலும் கட்ட வரவில்லை. ஆனால் அந்தப் பருவம் முழுக்க அந்த டிரெய்லர் உங்களைப் போன்ற ஓர் ஆலையின் எடை மேடையில் ஏறி இறங்கியது. ஒரு தடவைகூட யாரும் குனிந்து கொக்கியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடே இல்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். சம்பவத்துக்கு முந்தைய வாரத்து எடைச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நிகர எடை 11 டன் 640 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை 2 டன். இரண்டும் சேர்ந்து பதிமூன்றரை டன்னைத் தாண்டுகிறது. ஆர்.சி. புக்கில், அதாவது பதிவுச் சான்றில், அந்த டிரெய்லருக்குப் போட்டிருக்கும் மொத்த எடை 8 டன். டிராக்டரோ ஏறக்குறைய 2 டன். பிரேக் அதன் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். டிரெய்லருக்குப் பிரேக்கே கிடையாது. அதாவது டிராக்டரின் பிரேக் தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கை நிறுத்த வேண்டும். நூறு அடிக்கு ஐந்து அடி இறங்கும் சரிவில் அந்த டிரெய்லர் சுமார் 675 கிலோ விசையோடு டிராக்டரைத் தள்ளும். சக்கர உராய்வு அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான்.

மேட்டில் கதை வேறு. இழுக்கும் இடம் டிராக்டரின் பின் அச்சுக்குக் கீழே இருந்தால் முன் சக்கரம் தரையில் நிற்கும். பட்டறையில் கொக்கியை உயர்த்தி வெல்டிங் வைத்தால் முன் சக்கரம் அந்தரத்தில் எழும்பும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. முன்னால் பம்பரில் இரண்டு ஆளை உட்கார வைத்து மேடு ஏற்றுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்கள் வெட்டுக்கூலிக்கு வந்த பிள்ளைகள்.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடைக்கு மேல் போகும் வண்டியையோ டிரெய்லரையோ ஓட்டக் கூடாது, ஓட்டச் செய்யவும் கூடாது, ஓட்ட அனுமதிக்கவும் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 194ஆவது பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. என் சீட்டை வைத்துக் கணக்குப் போட்டால் 30,000 ரூபாய்க்குக் குறையாது. அது எங்கள் மீது விழும், சரி. ஆனால் "அனுமதிக்கவும் கூடாது" என்ற இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு டிரெய்லரின் உண்மையான எடை ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குக் கிலோ சுத்தமாகத் தெரியும். அச்சடித்துக் கையிலும் கொடுக்கிறீர்கள்.

அதனால் என் முதல் வேண்டுகோள் இது. வண்டி பதிவு செய்யும்போதே ஒவ்வொரு டிரெய்லரின் ஆர்.சி. எடையையும் உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். எடை மேடையில் அதைத் தாண்டி வந்தால், தாண்டிய டன்னுக்கு வண்டி வாடகை கிடையாது என்று அறிவியுங்கள். கரும்பின் விலையில் ஒரு பைசா குறையக் கூடாது. அது விவசாயியின் பணம். வாடகையை மட்டும் நிறுத்துங்கள். டன் கணக்கில் வாடகை தருவதால்தான் ஏற்றுகிறோம். அது நின்றால் மறு வாரமே சுமை இறங்கிவிடும்.

ஆனால் வாடகையை நிறுத்துவது மட்டும் போதாது. ஆலை யார்டில் ஒரு டிரெய்லர் ஒரு பகல் ஓர் இரவு வரிசையில் நிற்கிறது. இரண்டு நடை போக வேண்டியவனுக்கு ஒரு நடைதான் கிடைக்கிறது என்றால், அவன் இரண்டு நடைச் சுமையை ஒன்றில் ஏற்றுகிறான். கரும்பும் வெட்டிய நேரத்திலிருந்து காய்ந்து எடை குறைகிறது, சர்க்கரைச் சத்தும் இறங்குகிறது. விவசாயியும் "ஏத்துப்பா, ஏத்துப்பா" என்றுதான் சொல்வார். கரும்பை வெட்டச் சொல்லி கட்டிங் ஆர்டர் கொடுக்கும்போதே இறக்கும் நேரத்துக்கும் டோக்கன் கொடுங்கள். ஆறு மணி நேரத்தில் காலி வண்டி வெளியே வரும் என்று தெரிந்தால் யாரும் உயிரைப் பணயம் வைத்து ஏற்ற மாட்டார்கள்.

அப்புறம் விளக்கு. டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டியிருக்கிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். கரும்பு ஏற்றிய பிறகு பின்னால் வந்து பாருங்கள். நுனிக் கரும்பும் காய்ந்த தோகையும் நீட்டிக்கொண்டு அத்தனையையும் மூடியிருக்கும். பனி மூட்டத்தில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரனுக்கு அங்கே வண்டி நிற்பதே தெரியாது. இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு நீளப் பலகையில் இரண்டு சிவப்பு விளக்கும் ரிஃப்ளெக்டர் பட்டையும் வைத்து, சுமையின் கடைசி நுனியில் கயிற்றால் கட்டித் தொங்கவிட வேண்டும். டிராக்டரின் பின்னால் இருக்கும் ஏழு துளை மின் சாக்கெட்டிலிருந்து ஒயர் இழுத்தால் போதும். பல டிராக்டர்களில் கம்பெனியே அந்த சாக்கெட்டை வைத்துத் தருகிறது. பெரும்பாலானவற்றில் அதில் தூசிதான் அடைந்திருக்கிறது. பலகைகளை ஆலையிலேயே செய்து வைத்து, டோக்கனோடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பஞ்சர் ஆனால் சக்கரத்துக்கு அணை கொடுத்த கல்லை ரோட்டிலேயே போட்டுவிட்டுப் போகும் பழக்கமும் ஒழிய வேண்டும். வண்டிக்கு இரண்டு மரக்கட்டை கட்டாயம் என்று சொல்லுங்கள்.

கொக்கி, லாக் பின், கொக்கி விட்டுப் போனாலும் பிடித்து நிறுத்த ஒரு சங்கிலி, சக்கர பேரிங், பட்டை தேய்ந்த பழைய லாரி டயர், பெடல் கொண்டி. இவற்றைப் பார்க்க ஒரு வண்டிக்கு இருபது நிமிடம் ஆகும். உங்கள் ஆலைப் பட்டறையில் இருக்கும் ஃபிட்டருக்கு இதெல்லாம் கைவந்த வேலை. டிரெய்லரைத் தனியாகப் பதிவு செய்திருக்கிறார்களா, இன்சூரன்ஸில் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் அதே மேசையில் பார்த்துவிடலாம். எங்கள் ஊரில் டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கும், டிரெய்லர் அதில் இருக்காது. அடிபட்டவன் குடும்பம் கோர்ட்டில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

கடைசியாக, டிரெய்லருக்குத் தனிப் பிரேக். இதற்குச் செலவு உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். விபத்துக்குப் பிறகு நான் என் டிரெய்லருக்கு ஹைட்ராலிக் பிரேக் வைத்தேன். ஒரு பருவ வருமானத்தில் நல்ல பங்கு போனது. எல்லோராலும் முடியாது. ஆனால் பருவத் தொடக்கத்தில் வெட்டு மேஸ்திரிகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் முன்பணம் கொடுத்து, பிறகு வாடகையில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் உங்களிடம் இருக்கிறதே. அதே மாதிரி பிரேக்குக்கும் முன்பணம் கொடுங்கள். இரண்டு பருவத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். வட்டி இல்லாமல் கொடுத்தால் எங்கள் ஊரிலேயே எட்டுப் பேர் வாங்கத் தயாராக இருக்கிறார்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வண்டிப் பதிவு தொடங்கும் நாளில் என் டிரெய்லரை முதல் ஆளாகக் கொண்டுவருகிறேன். ஃபிட்டரை அனுப்பி, குனிந்து கொக்கியைப் பார்க்கச் சொல்லுங்கள். என் அக்கா மகனும் கூட வருவான். அவன் இப்போது டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கரும்பு விவசாயி, டிராக்டர் ஓட்டுநர்